மைக்ரோ ஆர்.என்.ஏ-122

மைக்ரோ ஆர்.என்.ஏ-122 என்பது முதுகெலும்பிகளின் கல்லீரலில் மிகுந்து காணப்படும் ஒரு சிறிய ஆர்.என்.ஏ மூலக்கூறு ஆகும். இது சுருக்கமாக மிர்-122 எனப்படுகிறது. ஏறத்தாழ 22 நியூக்கிளியோடைடுகளைக் கொண்ட இம்மூலக்கூறு எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை; பிற மரபணுக்களிலிருந்து புரதங்கள் உருவாகும் அளவைக் கட்டுப்படுத்துகிறது. கல்லீரலின் கொழுமிய வளர்சிதைமாற்றம், கல்லீரல் அழற்சி சி தீநுண்மத்தின் பெருக்கம், கல்லீரல் புற்றுநோய் ஆகிய மூன்றுடனும் இதற்குத் தொடர்பு உண்டு.

பின்னணி

முதலாவது மைக்ரோ ஆர்.என்.ஏ பற்றிய ஆய்வுகள் 1993 ஆம் ஆண்டில் வெளியாயின. அது ஓர் உருளைப்புழுவில் கண்டறியப்பட்டது. இக்கண்டுபிடிப்புக்காக விக்டர் அம்புரோசு, கேரி ரவ்குன் ஆகியோர் 2024 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். மனிதரில் மிர்-122 இன் மரபணு 18 ஆம் குரோமோசோமில் அமைந்துள்ளது. வளர்ந்த கல்லீரலில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இதுவே ஆகும்.

செயல்படும் முறை

மிர்-122 முதலில் நீண்ட இழையாக உருவாகிறது. பின்னர் துரோசா, டைசர் என்னும் நொதிகளால் வெட்டப்பட்டு, ஆர்கோநாட் என்னும் புரதத்துடன் இணைகிறது. இக்கூட்டு, தனக்குப் பொருந்தும் வரிசையைக் கொண்ட செய்தி ஆர்.என்.ஏக்களுடன் பிணைந்து அவற்றைச் சிதைக்கிறது அல்லது அவற்றிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கிறது.

கொழுமியங்களும் புற்றுநோயும்

மிர்-122 ஐத் தடுத்தால் சுண்டெலிகளின் இரத்தக் கொலஸ்டிரால் குறைகிறது என்று 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. இதனால் இது கொழுப்பைக் குறைக்கும் மருந்துக்கு ஏற்ற இலக்காகக் கருதப்பட்டது. ஆனால் இம்மரபணு முற்றிலும் நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றி 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் மறுபக்கத்தைக் காட்டின. அவற்றின் இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்திருந்தபோதிலும், கல்லீரலிலிருந்து கொழுப்பு வெளியேறாமல் அங்கேயே தேங்கியது. தொடர்ந்து அழற்சியும், நார்த்திசுப் பெருக்கமும், இறுதியில் புற்றுக்கட்டிகளும் தோன்றின.

மிர்-122 இல்லாதபோது அளவு கூடும் நொதிகளுள் ஒன்று பாஸ்பாடிடிக் அமிலத்தை உருவாக்குவது. இவ்வமிலம் டிரைகிளிசரைடுகளுக்கும் உயிரணுச் சவ்வின் கொழுமியங்களுக்கும் மூலப்பொருளாகும். உயிரணு வளர்ச்சியைத் தூண்டும் குறிகையாகவும் செயல்படுகிறது. பெருகும் புற்று உயிரணுக்களுக்கு இவையெல்லாம் தேவைப்படுகின்றன. மனிதரின் கல்லீரல் புற்றுக்கட்டிகள் பலவற்றில் மிர்-122 குறைந்து காணப்படுகிறது. சுண்டெலிகளுக்கு மிர்-122 ஐ மீண்டும் வழங்கியபோது கட்டிகள் தோன்றுவது குறைந்தது.

மருத்துவப் பயன்பாடு

கல்லீரல் அழற்சி சி தீநுண்மத்தின் ஆர்.என்.ஏவுடன் மிர்-122 பிணைந்து, அது சிதையாமல் காக்கிறது. எனவே மிர்-122 ஐத் தடுக்கும் மிராவிர்சென் என்னும் மருந்து 36 நோயாளரிடம் சோதிக்கப்பட்டது. 2013 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, மருந்தின் அளவு கூடக்கூடத் தீநுண்மத்தின் அளவு குறைந்தது. எனினும், தீநுண்மத்தை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் பெரும்பாலான நோயாளரைக் குணப்படுத்தியதால், இம்முறையின் தேவை குறைந்தது.

குறுகிய காலத் தடுப்பும் மரபணுவின் நிலையான இழப்பும் ஒன்றல்ல. ஆயினும், ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ பல மரபணுக்களைக் கட்டுப்படுத்துவதால், ஒரு நன்மைக்காக அதைத் தடுக்கும்போது மற்ற விளைவுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு மிர்-122 தக்க எடுத்துக்காட்டாகும்.