மின்கம்பிகளின் கீழே உயிர்பெறும் நிலம்: ஸ்காபரோவின் மெடோவே

கனடாவின் ரொறன்ரோ மாநகரில், ஸ்காபரோவின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள குடியிருப்பு வெக்ஸ்போர்ட். 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக் குடியேறிகள் வேளாண்மை செய்த இந்த இடத்தில், இன்று லோரன்ஸ் அவென்யூவின் இருமருங்கிலும் உலகின் பல நாடுகளிலிருந்து வந்தவர்களின் கடைகளும் உணவகங்களும் நிறைந்திருக்கின்றன. 1983க்குப் பின்னர் இலங்கையிலிருந்து கனடாவுக்கு வந்த தமிழர்களில் பலரும் ஸ்காபரோவையே தமது புதிய ஊராக ஆக்கிக்கொண்டனர்.

லோரன்ஸ் அவென்யூவுக்குத் தெற்கே, எக்ளிங்டன் அவென்யூவுக்கு வடக்கே, உயர் மின்னழுத்தக் கம்பிகளைத் தாங்கிய இரும்புக் கோபுரங்கள் வடகிழக்கு நோக்கி வரிசையாகச் செல்கின்றன. அவற்றின் கீழே இருப்பது வீடு கட்ட முடியாத, உயரமான மரம் வளர்க்க முடியாத நிலம். பல தசாப்தங்களாக அது கோடையில் பலமுறை வெட்டப்படும் வெறும் புல்தரையாகவே இருந்து வந்தது.

இந்த நிலத்தைக் கனடாவின் பெரும் நகர்ப்புறப் பசுமை வழிகளில் ஒன்றாக மாற்றும் முயற்சிதான் 'மெடோவே'. புல்வெளி வழி என்பது அந்தப் பெயரின் பொருள்.

பயனற்ற நிலம் என்று ஒரு நகரம் ஒதுக்கி வைத்த இடம், அந்த நகரில் அழிந்துவரும் உயிரினங்களுக்குப் புகலிடமாக முடியுமா என்பதே இத்திட்டம் எழுப்பும் கேள்வி.

16 கிலோமீட்டர் நீளமான நிலம்

கியூபெக் மாகாணத்தின் கட்டினோ ஆற்றில் உற்பத்தியாகும் நீர்மின்சாரத்தை ரொறன்ரோவுக்குக் கொண்டுவருவதற்காக 1920களில் அமைக்கப்பட்டது இந்த மின்பாதை. 1928 இல் மின்சாரம் வந்து சேர்ந்தபோது ஸ்காபரோவின் பெரும்பகுதி விளைநிலமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்த விளைநிலங்கள் வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறின. மின்பாதை மட்டும் இடைவெளியாக எஞ்சியது. அதைக் காப்பாற்றியது இயற்கை மீதான அக்கறை அல்ல, தலைக்கு மேலே சென்ற மின்கம்பிகள்தான்.

2010களின் முற்பகுதியில், ஸ்காபரோவின் நடுப்பகுதியில் இந்த மின்பாதையின் ஒரு துண்டில் 'வண்ணத்துப்பூச்சித் தடம்' என்ற பரிசோதனை முயற்சி தொடங்கப்பட்டது. அது வெற்றி கண்டதைத் தொடர்ந்து, மின்பாதையின் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்தையும் புல்வெளியாக மாற்றும் திட்டம் 2018 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ரொறன்ரோ மற்றும் பிராந்தியப் பாதுகாப்பு ஆணையம், ரொறன்ரோ மாநகராட்சி, மின்கடத்தல் நிறுவனமான ஹைட்ரோ வன் ஆகியவை இதில் பங்கேற்றன. மொத்தச் செலவு 8 கோடியே 50 லட்சம் டாலர் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. அதில் 2 கோடியே 50 லட்சம் டாலர் வரை வழங்க வெஸ்டன் குடும்ப அறக்கட்டளை முன்வந்தது.

மேற்கே டான் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் கிழக்கே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவையும் இணைக்கும் இந்த நிலத்தின் பரப்பு சுமார் 200 ஹெக்டேர். புல்வெளியுடன் நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் இதில் அடங்கும்.

இணைப்பு ஏன் முக்கியம்?

ஒரு நகரில் எத்தனை பூங்காக்கள் உள்ளன என்பதைப் போலவே, அவை ஒன்றோடொன்று தொடர்பு கொண்டுள்ளனவா என்பதும் முக்கியம் என்பது உயிரியலாளர்களின் கருத்து. நாற்புறமும் வீதிகளால் சூழப்பட்ட சிறு பூங்கா ஒரு தீவைப் போன்றது. அங்குள்ள ஒரு பூச்சியினம் ஒரு வறட்சியிலோ கடுங்குளிரிலோ அழிந்துபோனால், மீண்டும் வந்து குடியேற வழியிருக்காது. சிறிய தொகையாகத் தனித்து வாழும் உயிரினங்கள் தமக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து வலுவிழப்பதும் உண்டு.

ஏறத்தாழ 79 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ரூஜ் பூங்காவில் காடும் சதுப்பு நிலமும் விளைநிலமும் அடங்கியுள்ளன. டான் பள்ளத்தாக்கு நகரின் நடுவே செல்லும் பசுமைப் பகுதி. இவ்விரண்டுக்கும் இடையே தெற்கு வடக்காக ஓடும் பல ஓடைகளைக் குறுக்காகக் கடந்து செல்லும் தொடர்ச்சியான நிலம் என்பதால்தான் மின்பாதை இத்தனை மதிப்புப் பெறுகிறது.

புல்வெளியை உருவாக்குவது எப்படி?

புல்லை வெட்டுவதை நிறுத்திவிட்டால் புல்வெளி தானாக உருவாகிவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியல்ல. இந்தப் புல்தரையில் இருந்தவை பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட புல்வகைகள். வெட்டாமல் விட்டால் அவற்றோடு களைகளே ஓங்கி வளரும்.

எனவே முதலில் பழைய புல்தரை அகற்றப்பட்டு, நிலம் உழப்படுகிறது. மண்ணைக் காக்கவும் களைகளை அடக்கவும் ஓட்ஸ் போன்ற மூடுபயிர் விதைக்கப்படுகிறது. அதன் பின்னரே இம்மண்ணுக்கு உரிய புற்களின் விதைகளும் காட்டுப்பூக்களின் விதைகளும் தூவப்படுகின்றன. முதற்சில ஆண்டுகளில் இந்தச் செடிகள் தமது ஆற்றலை வேர்களிலேயே செலவிடுவதால், மேலே பார்ப்பவருக்கு வெறும் களைக்காடாகவே தெரியும். புல்வெளி முதிர்ச்சி அடைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆகலாம்.

ஆழமாக வேரோடும் இந்தச் செடிகள் மழைநீரை மண்ணுக்குள் இறக்குகின்றன. உயரமாக வளராததால் மின்கம்பிகளுக்கும் ஆபத்தில்லை. தென் ஒன்ராறியோவில் ஒருகாலத்தில் பரவியிருந்த உயர்புல் நிலங்களில் மிகச் சிறிய பகுதியே இன்று எஞ்சியுள்ளது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

மொனார்க்கின் நெடும்பயணம்

இத்திட்டத்தின் அடையாளமாக விளங்குவது, செம்மஞ்சள் சிறகில் கருங்கோடுகள் கொண்ட மொனார்க் வண்ணத்துப்பூச்சி. அரை கிராம் எடையே கொண்ட இந்தப் பூச்சி, இலையுதிர்காலத்தில் தென் கனடாவிலிருந்து புறப்பட்டு, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் மத்திய மெக்சிகோவின் மலைக்காடுகளைச் சென்றடைகிறது. கோடையில் பிறக்கும் தலைமுறைகள் சில வாரங்களே வாழ்கின்றன. ஆனால் இலையுதிர்காலத் தலைமுறை எட்டு மாதங்கள் வரை உயிர்வாழும். வசந்த காலத்தில் வடக்கு நோக்கித் திரும்பும் பயணம் ஒரு பூச்சியால் முடிவதில்லை. அடுத்தடுத்த தலைமுறைகளே அதை நிறைவு செய்கின்றன.

இந்தப் பூச்சிகள் குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என்ற புதிரை விடுவித்ததில் ஸ்காபரோவுக்கு நேரடிப் பங்கு உண்டு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் பிரெட் அர்குவார்ட். அவரும் அவரது மனைவி நோரா அர்குவார்ட்டும் வண்ணத்துப்பூச்சிகளின் சிறகில் சிறு அடையாளச் சீட்டுகளை ஒட்டி, வட அமெரிக்கா முழுவதும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களின் உதவியோடு பல தசாப்தங்களாக அவற்றின் பாதையைத் தேடினர். அந்தத் தன்னார்வலர்களில் இருவரான கென் புரூகரும் கத்தலினா அகுவாடோவும் 1975 ஜனவரியில் மெக்சிகோவின் மலைக்காட்டில் கோடிக்கணக்கான மொனார்க்குகள் மரங்களில் அடர்ந்து தங்கியிருப்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டு அங்கு நேரில் சென்ற அர்குவார்ட், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒட்டப்பட்ட சீட்டுடன் ஒரு பூச்சியைக் கண்டெடுத்தார்.

அந்தக் காடுகளில் பூச்சிகள் தங்கியிருக்கும் பரப்பை அளந்தே இன்று அவற்றின் தொகை கணிக்கப்படுகிறது. 1996-97 குளிர்காலத்தில் அது சுமார் 18 ஹெக்டேராக இருந்தது. 2013-14 இல் 0.67 ஹெக்டேராகச் சுருங்கியது. 2023-24 இல் 0.9 ஹெக்டேராகவும், 2024-25 இல் 1.79 ஹெக்டேராகவும் இருந்தது. 2023 டிசம்பரில் கனடா அரசு மொனார்க்கை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது.

களை என்று பெயர் சூட்டப்பட்ட செடி

மொனார்க் முட்டையிடுவது மில்க்வீட் எனப்படும் பாற்செடிகளில் மட்டுமே. அதன் புழு அந்த இலையைத் தவிர வேறெதையும் உண்பதில்லை. இலையிலுள்ள நச்சு புழுவின் உடலில் சேர்வதால் பறவைகள் அதை உண்ணத் தயங்குகின்றன.

தமிழர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நமது ஊர்களில் வேலியோரத்திலும் தரிசு நிலத்திலும் வளரும் எருக்கு, மில்க்வீட்டின் குடும்பத்தைச் சேர்ந்தது. எருக்கிலையை உண்டு வளரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி, மொனார்க்கின் நெருங்கிய உறவு. கிள்ளினால் பால் வடியும் இலையும், அதில் வரிவரியாக ஊரும் புழுவும் இரு நாடுகளுக்கும் பொதுவானவை.

கால்நடைகளுக்கு நஞ்சு என்பதால் மில்க்வீட் நீண்டகாலம் ஒன்ராறியோவின் சட்டப்படி அழிக்கப்பட வேண்டிய களையாக இருந்தது. 2014 இல்தான் மாகாண அரசு அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே ஆண்டில் வேறொரு செடி அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. 'நாயின் கழுத்தை நெரிக்கும் கொடி' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் அது ஐரோப்பாவிலிருந்து வந்தது. மில்க்வீட்டின் உறவுச் செடி என்பதால் மொனார்க் ஏமாந்து அதிலும் முட்டையிடுகிறது. ஆனால் பொரிக்கும் புழுக்கள் பிழைப்பதில்லை. டான், ரூஜ் பள்ளத்தாக்குகள் இரண்டிலும் இக்கொடி பரவியுள்ளதால், புல்வெளியை அமைப்பதோடு பணி முடிந்துவிடாது. தொடர்ந்து பராமரிக்கவும் வேண்டும்.

தேனீக்களும் வீட்டுத் தோட்டமும்

மொனார்க் அளவுக்குப் பேசப்படாதவை காட்டுத் தேனீக்கள். ரொறன்ரோவில் 360க்கும் அதிகமான தேனீ இனங்கள் உள்ளதாக மாநகராட்சி தெரிவிக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை கூட்டமாகக் கூடுகட்டி வாழ்பவை அல்ல. மண்ணுக்குள் தனித்தனியே வளை அமைப்பவை. அடிக்கடி கிளறப்படாத மண் அவற்றுக்குத் தேவை.

ஸ்காபரோவின் தமிழ் வீடுகளில் கோடை வந்துவிட்டால் பின்முற்றத்தில் பூசணியும் பாகலும் புடலையும் பந்தலேறும். இவை காய்ப்பதற்கு மகரந்தச் சேர்க்கை அவசியம். பூசணிப் பூக்களையே நம்பி வாழும் ஒரு தேனீ இனமும் ஒன்ராறியோவில் உண்டு. அது விடியற்காலையில் பூ விரியும் வேளையில் பறந்து வருகிறது. அந்த வகையில், மின்கம்பிகளின் கீழுள்ள புல்வெளிக்கும் அருகிலுள்ள வீட்டுத் தோட்டத்துக்கும் இடையே வேலி இல்லை.

ஒழுங்கு எது, அலட்சியம் எது?

இத்தகைய திட்டங்களுக்கு இருக்கும் பெரிய தடைகளில் ஒன்று மனிதரின் பார்வை. வட அமெரிக்கப் புறநகர்களில் கட்டையாக வெட்டப்பட்ட புல் ஒழுங்கின் அடையாளம். வளரவிட்ட புல் அலட்சியத்தின் அடையாளம். புதிதாகக் குடியேறியவர்கள், அயலவர் குறை கூறுவார்களோ என்ற அச்சத்தில் இவ்வழக்கத்தை மேலும் கவனமாகப் பின்பற்றுவதும் உண்டு.

ரொறன்ரோவில் இது நீதிமன்றம் வரை சென்றது. தமது வீட்டு முன்றிலில் காட்டுச் செடிகளை வளர்த்ததற்காகத் தண்டம் விதிக்கப்பட்ட சாண்டி பெல் என்பவரின் வழக்கில், இயற்கைத் தோட்டமும் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவமே என்று 1996 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆயினும் புல்லின் உயரத்துக்கு 20 சென்டிமீட்டர் வரம்பு நீடித்தது. இயற்கைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் விதிவிலக்குக் கோரி விண்ணப்பிக்க வேண்டிய நிலையை மாநகராட்சி 2021 இல்தான் மாற்றியது.

புறம்போக்கு என்னும் செல்வம்

தமிழில் 'புறம்போக்கு' என்ற சொல் வரி விதிக்கப்படாத பொதுநிலத்தைக் குறித்தது. ஏரி, மேய்ச்சல் நிலம், ஓடைக்கரை எல்லாம் அதில் அடங்கின. காலப்போக்கில் அது பயனற்றது என்ற பொருளைப் பெற்று, வசைச்சொல்லாகவும் மாறியது. சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இதற்கு உதாரணம். வீணான நிலமாகக் கருதப்பட்டதால் அதன் ஒரு பகுதி குப்பைமேடானது. பெரும்பகுதி கட்டடங்களுக்கு இரையானது. எஞ்சியதில் ஒரு பகுதி 2007 இல் காப்புநிலமாக்கப்பட்டது. 2022 இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வலசை வரும் பறவைகளுக்கும் வெள்ளநீரை உள்வாங்குவதற்கும் அந்நிலம் எவ்வளவு தேவை என்பது, அதில் பெரும்பகுதியை இழந்த பின்னரே உணரப்பட்டது.

ஸ்காபரோவின் மின்பாதைக்கு அந்த நிலை நேரவில்லை. ஆனால் அதன் பாதுகாப்பு முழுமையானதும் அல்ல. 2025 ஜூனில் ஒன்ராறியோ சட்டமன்றம் நிறைவேற்றிய 5ஆம் இலக்கச் சட்டமூலம், ஆபத்திலுள்ள விலங்குகளின் வாழிடம் என்பதன் வரையறையைக் கூடு, வளை போன்ற தங்குமிடமும் அதை ஒட்டிய இடமும் என்ற அளவுக்குக் குறுக்கியது. வளர்ச்சித் திட்டங்களுக்கான அனுமதி தாமதமாவதைத் தவிர்க்க இது அவசியம் என்பது மாகாண அரசின் வாதம். இரை தேடும் நிலமும் கடந்து செல்லும் வழியும் இவ்வரையறைக்கு வெளியே போய்விடும் என்கின்றனர் சூழலியலாளர்கள்.

வழி என்பதுதான் மெடோவேயின் சாரம். மெக்சிகோ செல்லும் ஒரு மொனார்க்குக்கு வெக்ஸ்போர்ட் சேருமிடம் அல்ல, தங்கிச் செல்லும் இடம். செப்டம்பரில் அங்கு பூக்கும் ஆஸ்டர், கோல்டன்ராட் மலர்களின் தேன்தான் அதன் நெடும்பயணத்துக்கான உணவு. அந்த மலர்கள் செப்டம்பர் வரை நிற்க வேண்டுமானால், ஜூலையில் அவற்றைப் பார்ப்பவர்கள் களை என்று எண்ணி வெட்டச் சொல்லாமல் இருக்க வேண்டும். மின்பாதையை ஒட்டி வாழும் பலமொழிக் குடும்பங்களுக்கு, அவர்களில் ஒரு பகுதியினரான தமிழர்களுக்கும், இத்திட்டத்தில் உள்ள பங்கு அங்கிருந்தே தொடங்குகிறது.