கிருமியைக் கொல்லாத மருந்து

மூலிகை இலையில் கிருமியை ஒழிக்கும் பொருள் உண்டா என்று எப்படிக் கண்டறிகிறார்கள் தெரியுமா? தட்டிலுள்ள அகர் கூழில் பாக்டீரியாவைப் பரப்பி, நடுவே குழி தோண்டி, இலைச்சாற்றை ஊற்றி, ஓர் இரவு வெதுவெதுப்பாக வைப்பார்கள். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வளையம் தெரிந்தால் சாற்றில் ஏதோ இருக்கிறது என்று பொருள். 1943-இல் ஆக்ஸ்போர்டில் ஆஸ்போர்ன் என்ற ஆய்வாளர் சுமார் 2,300 தாவரங்களைச் சோதித்து, 63 பேரினங்களில் கிருமித் தடைப் பொருள்கள் இருப்பதாக அறிவித்தார்.

ஆனால் வளையத்தை மட்டும் நம்பலாமா? கூழில் மெதுவாக விரவும் பொருள், வீரியம் மிக்கதாயினும், சிறு வளையத்தையே தரும். வளையமே தராத பொருள் பயனற்றது என்றும் சொல்லிவிட முடியாது. இதற்கு நல்ல சான்று ஒன்று 2000-ஆம் ஆண்டில் கிடைத்தது.

நம் மரமஞ்சளுக்கு மஞ்சள் நிறம் தருவது பெர்பெரின். அமெரிக்கப் பழங்குடி மக்கள் மருந்தாகக் கொண்ட பெர்பெரிஸ் செடிகளிலும் அது உண்டு. பெர்பெரின் நேர்மின்னூட்டம் உடையது. பாக்டீரியா செல்லின் உட்புறமோ வெளிப்புறத்தைவிட எதிர்மின் நிலையில் உள்ளது. எனவே மின்விசையே அதை உள்ளே இழுத்துச் சேர்க்க வேண்டும். அப்படியிருந்தும் சீழ்க் கட்டிகளை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி அதற்கு எளிதில் மடிவதில்லை. காரணம், அதன் சவ்வில் உள்ள நார்-ஏ என்னும் புரதம். கிணற்றில் ஊறும் நீரை மோட்டார் இறைப்பதுபோல, உள்ளே வரும் பெர்பெரினை அது வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது.

ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் ஆகியோரின் குழு பெர்பெரிஸ் இலையின் சாற்றைக் கூறுகூறாகப் பிரித்தது. ஒவ்வொரு கூறையும் தனியே சோதித்ததோடு நில்லாமல், கிருமியைக் கொல்லப் போதாத சிறிதளவு பெர்பெரினோடும் சேர்த்துச் சோதித்தது. இங்கேதான் அவர்களுடைய சாமர்த்தியம்! ஒரு பொருள் தனியே கிருமியை ஒன்றும் செய்யவில்லை. பெர்பெரினோடு சேர்ந்ததும் வளர்ச்சி நின்றது. அப்பொருள் இறைக்கும் பம்பை முடக்கியதால் பெர்பெரின் செல்லுக்குள் தேங்கியது. பழைய முறையில் சோதித்திருந்தால் அதைக் கழிவென்று கொட்டியிருப்பார்கள்.

அதன் பெயர் 5'-மெத்தாக்சி ஹிட்னோகார்பின். பெயரின் பிற்பகுதி ஹிட்னோகார்பஸ் மரத்திலிருந்து வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அம்மரத்தின் விதையைச் சித்த வைத்தியர்கள் நீரடிமுத்து என்பர். 1940-களில் சல்போன் மருந்துகள் வரும்வரை தொழுநோய்க்குக் கொடுத்துவந்த எண்ணெய் அந்த விதையில் எடுத்ததே. அந்த எண்ணெயிலும் இப்பொருள் சிறிதளவு இருப்பது முன்பே தெரிந்திருந்தது.