காது கேளாதோர் பல்கலைக்கழகத்தின் முதல் காது கேளாத தலைவர்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ளது கல்லாடெட் பல்கலைக்கழகம். காது கேளாதோருக்கான இக்கல்வி நிறுவனத்திற்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தரும் சட்டத்தில் 1864ல் கையெழுத்திட்டவர் ஆபிரகாம் லிங்கன். ஆனால் அதன் பிறகு 124 ஆண்டுகள் அதன் தலைவர் பதவியில் (நம்மூர் துணைவேந்தர் பதவி போன்றது) காது கேளாத ஒருவர் கூட அமர்ந்ததில்லை!

1988ல் அப்பதவி காலியானது. இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரில் இருவர் காது கேளாதவர்கள். ஆனாலும் மார்ச் 6 அன்று அறங்காவலர் குழு தேர்ந்தெடுத்தது, காது கேட்கும் எலிசபெத் ஜின்சரை. அவருக்குச் சைகை மொழியும் தெரியாது. தேர்ந்தெடுத்த குழுவின் 21 பேரில் 17 பேர் காது கேட்பவர்கள்.

மறுநாளே மாணவர்கள் வாகனங்களை நிறுத்தி வாயில்களை அடைத்தனர். அவர்களின் கோரிக்கைகள் நான்கு:

1. ஜின்சர் விலகி, காது கேளாத ஒருவர் தலைவராக வேண்டும்.
2. குழுத் தலைவி ஜேன் ஸ்பில்மேன் பதவி விலக வேண்டும்.
3. குழுவில் காது கேளாதோர் 51 சதவீதம் இருக்க வேண்டும்.
4. போராடியவர்கள் மீது நடவடிக்கை கூடாது.

ஸ்பில்மேன் மாணவர்களிடம் விளக்கம் சொல்ல வந்தபோது தீ எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. அவரால் பேச முடியவில்லை. சைகையில் பேசிக்கொண்டிருந்த மாணவர்களுக்கோ அந்தச் சத்தம் ஒரு தடையாகவே இல்லை. அந்த அரங்கில் மொழி தெரியாதவர் யார் என்பது அப்போது விளங்கியிருக்கும்.

இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களில் ஒருவரான ஐ. கிங் ஜோர்டான் முதலில் ஜின்சரை ஆதரித்தார். 21 வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கேட்கும் திறனை இழந்தவர் அவர். மார்ச் 10 அன்று மனம் மாறி மாணவர் பக்கம் வந்தார். அன்றிரவே ஜின்சர் விலகினார். மார்ச் 13 அன்று நான்கு கோரிக்கைகளும் ஏற்கப்பட்டன. ஜோர்டான் தலைவரானார். குழுத் தலைவர் பொறுப்புக்குக் காது கேளாதவரான பில் பிராவின் வந்தார்.

ஜோர்டான் 2006 வரை பதவியில் இருந்தார். 2016ல் ராபர்ட்டா கோர்டானோ, காது கேளாத முதல் பெண் தலைவராகப் பொறுப்பேற்றார்.

இவற்றுள் மூன்றாவது கோரிக்கையே மிக முக்கியமானது எனலாம். நாற்காலியில் ஒருவரை மாற்றினால் அது ஒரு முறை வெற்றி. அடுத்த முறை யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் இடத்திலேயே பங்கு கிடைத்தால்தான் அந்த வெற்றி நிலைக்கும். அந்த மாணவர்கள் அதைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.