அப்பீல் கேட்டவர் அம்பயர் ஆனார்

தருவை மைதானத்தில் ஆடியவர்களுக்குத் தெரியும், ஊர் ஆட்டத்தில் பேட்டிங் செய்கிற அணிக்காரர்தான் அம்பயர். அவர் எல்.பி.டபிள்யூ. கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. பெரிய ஆட்டத்திலும் ரொம்ப காலம் இதே கதைதான். எந்த நாட்டில் டெஸ்ட் நடக்கிறதோ, அந்த நாட்டு அம்பயர்கள்தான் நிற்பார்கள். தோற்றுத் திரும்பும் அணி பழியை அவர்கள் தலையில் போடும். அப்படியொரு சந்தேகம் நிறைந்த வேலைக்குத்தான் நம் சென்னை வெங்கட்ராகவன் மனமுவந்து போனார்.

கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர். 1965-ல் நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்டில் இறங்கியபோது வயது 19. அதே தொடரில் டெல்லியில் 12 விக்கெட். பிறகு பேடி, பிரசன்னா, சந்திரசேகரோடு சேர்த்து நால்வர் என்றார்கள். ஆனால் அந்த நால்வரில் இடம் உறுதியில்லாமல் அல்லாடியவர் இவர். 1974-ல் டெல்லி டெஸ்டுக்கு இவர் கேப்டன். அடுத்த டெஸ்டில் ஆடும் பதினொருவரிலேயே இல்லை! 1979-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பும் விமானத்தில், இனி கேப்டன் கவாஸ்கர் என்று விமானி அறிவித்ததைக் கேட்டுத்தான் தன் பதவி போனது இவருக்குத் தெரிந்தது. இவ்வளவு பட்டவர் மற்றவர்களுக்குத் தீர்ப்பு சொல்ல வந்தார் என்பதுதான் எனக்கு வியப்பு.

மைதானத்தில் முன்கோபி என்று பெயர் எடுத்தவர். அம்பயர் ஆனதும் முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. சுழற்பந்து வீசுகிறவன் ஆயுள் முழுக்கப் பந்து எங்கே விழுந்தது, எவ்வளவு திரும்பியது, எவ்வளவு எழும்பியது என்றுதானே கணக்குப் போடுகிறான்? மட்டைக்குப் பக்கத்தில் நின்று கேட்ச் பிடித்த காதுக்கு, பந்து உரசும் சத்தமும் பழக்கம்தான்.

1993-ல் டெஸ்ட் அம்பயர். ஒவ்வொரு டெஸ்டிலும் வெளிநாட்டு அம்பயர் ஒருவர் நிற்க வேண்டும் என்று 1994-ல் ஐ.சி.சி. ஏற்பாடு செய்தபோது, அந்தக் குழுவில் இவரும் இருந்தார். 1999 உலகக் கோப்பை அரையிறுதி ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213 எடுத்து 'டை' ஆகி, டொனால்டு மட்டையை நழுவவிட்டு ரன் அவுட் ஆன ஆட்டம். அன்று நின்றவர்கள் டேவிட் ஷெப்பர்டும் நம் வெங்கட்டும். 2002-ல் எட்டே பேர் கொண்ட எலைட் பேனல் அமைந்தபோது அதில் இருந்த ஒரே இந்தியர் இவர்தான்.

ஆடியது 57 டெஸ்ட், 156 விக்கெட். அம்பயராக நின்றது 73 டெஸ்ட். அவர் கூட ஆடியவர்களில் பிரசன்னா மேனேஜராகப் போனார், பேடி பயிற்சி கொடுத்தார், கவாஸ்கர் மைக் பிடித்தார். நாள் முழுக்க வெயிலில் நின்று திட்டு வாங்கும் வேலை எத்தனை பேருக்குப் பிடிக்கும்?

2004-ல் இவர் ஓய்வு பெற்ற பிறகு, அந்த எலைட் பேனலில் அடுத்த இந்தியர் வர 2015 ஆயிற்று. வந்த எஸ். ரவியும் சென்னைக்காரர்தான், ஆனால் டெஸ்ட் ஆடியவர் இல்லை.