மடத்துக் கணக்கிலிருந்து மைதான வாசலுக்கு

ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் ஆர்ன்ஸ்டாட் என்று ஓர் ஊர். அங்கிருந்த கன்னியர் மடத்தின் 1404-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு சிறு செலவு எழுதியிருக்கிறது: பிராட்வர்ஸ்ட் என்ற சாசேஜ் செய்யக் குடல் வாங்கிய வகையில் ஒரு குரோஷன் காசு. துரிங்கியாக்காரர்கள் தங்கள் சாசேஜின் வயதைச் சொல்ல இன்றும் இந்த ஒற்றை வரியைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதே பண்டம் இன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஆட்ட நாட்களின் காலையில், மைதானத்துக்கு வெளியே வரிசையாக நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் கரியடுப்பில் வெந்துகொண்டிருக்கிறது. ஆட்டம் தொடங்க இன்னும் மூன்று நான்கு மணி நேரம் இருக்கும். வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் பன்னும் நறுக்கிய வெங்காயமும் பரப்பி, பக்கத்து வண்டிக்காரரையும் கூப்பிட்டுக் கையில் கொடுக்கும் இந்த வழக்கத்துக்கு டெயில்கேட் பார்ட்டி என்று பெயர். அமெரிக்கா முழுவதும் இது உண்டு. ஊருக்கு ஊர் பண்டம் மாறும். விஸ்கான்சினில் பிராட்வர்ஸ்ட் இல்லாத டெயில்கேட்டைப் பார்ப்பது அரிது. அறுநூறு ஆண்டுகளாக இந்தச் சாசேஜ் எங்கே போனாலும் கூட்டத்தைத் தேடியே போயிருக்கிறது என்பதுதான் இதன் வரலாற்றில் என்னை ஈர்க்கும் விஷயம்.

அதற்குக் காரணம் அது செய்யப்படும் விதத்திலேயே இருக்கிறது. பன்றியிறைச்சியை, சில இடங்களில் கன்றிறைச்சியும் சேர்த்து, அரைத்து, உப்பும் மிளகும் ஜாதிக்காயும் மார்ஜோரம் இலையும் கலந்து, சுத்தம் செய்த பன்றிக்குடலில் அடைப்பார்கள். மற்ற பல சாசேஜ்களைப் போல் புகையில் போடுவதோ மாதக்கணக்கில் உலர்த்துவதோ பெரும்பாலும் இல்லை. பச்சையாகவே இருப்பதால், குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அதைச் சேர்த்துவைக்க வழியில்லை. பன்றி அறுத்தால் உடனே அடைத்து, உடனே தீயில் வாட்டி, இருக்கிறவர்களோடு உட்கார்ந்து தின்றுவிட வேண்டும். ஜெர்மானிய ஊர்களில் சந்தைத் திடலும் திருவிழாவும் அதற்குத் தோதான இடங்களாயின.

ஊருக்கு ஓர் அளவும் உண்டானது. துரிங்கியாவினுடையது 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. நூரம்பர்க்கினுடையது 7 முதல் 9 சென்டிமீட்டர்தான். அந்தச் சிறிய சாசேஜுக்குள் நம் பக்கத்து மண்ணின் வாசமும் இருந்தது. மலபார் கரையின் மிளகு வெனிஸ் வழியாக நூரம்பர்க் வணிகர்களின் கிடங்குக்குப் போனது. 1505-இல் அல்மெய்டாவின் தலைமையில் போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அந்நகரின் ஹிர்ஷ்ஃபோகல், இம்ஹோஃப் குடும்பங்கள் அந்தப் பயணத்தில் முதல் போட்டிருந்தன.

அமெரிக்காவுக்குப் போன கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சைச் சாசேஜ் கடல் கடக்காது. கடந்தது கசாப்புக்காரரின் கைப்பழக்கம். விளைச்சல் பொய்த்ததாலும், ஜெர்மனியில் 1848-இன் புரட்சி தோற்றதாலும், நிலம் கிடைக்கும் என்ற ஆசையாலும் ஜெர்மானியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள். அதே 1848-இல்தான் விஸ்கான்சின் மாநிலமானது. ஆள் வேண்டியிருந்த அந்தப் புது மாநிலம் 1852-இல் நியூயார்க்கில் ஓர் ஆணையரை உட்காரவைத்து, கப்பலிலிருந்து இறங்குவோரிடம் ஜெர்மன் மொழியில் அச்சிட்ட பிரசுரங்களைக் கொடுத்தது. வேலை நடந்தது. 1900 வாக்கில் விஸ்கான்சின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஜெர்மானிய வழிவந்தவர். மிச்சிகன் ஏரிக்கரையில் மில்வாக்கியிலும், அதற்கு வடக்கே ஷெபாய்கனிலும் தெருவுக்குத் தெரு கசாப்புக் கடையும் பேக்கரியும் பீர் வடிக்கும் ஆலையும் எழுந்தன. மில்வாக்கியில் ஃபிரெட் உசிங்கர் 1880-இல் தொடங்கிய சாசேஜ் கடை இன்றும் நடக்கிறது.

ஆனால் பிராட்வர்ஸ்டுக்கு அமெரிக்காவில் சொந்த ஊர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ஷெபாய்கனைத்தான் சொல்லுவேன். அங்கே அதைச் செல்லமாக பிராட் என்பார்கள். தேவாலயத்தின் கூரையைச் செப்பனிட வேண்டுமா, பள்ளி வாத்தியக் குழுவுக்குப் பணம் வேண்டுமா, தீயணைப்புத் தொண்டர்களுக்குக் கருவி வேண்டுமா, ஒரு பிராட் ஃப்ரை ஏற்பாடு செய்துவிடுவார்கள். பெயரில் ஃப்ரை இருந்தாலும் எண்ணெய்ச் சட்டிக்கு அங்கே வேலையில்லை. எல்லாம் கரி நெருப்புதான். மளிகைக் கடை வாசலில் கொட்டகை போட்டு, ஊர்க்காரர்களே நின்று வாட்டி விற்பார்கள். வாங்க வருகிறவர் காரை நிறுத்தி இறங்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் போவார். மைதானம் வருவதற்கு முன்பே பிராட் வாகன நிறுத்தத்துக்குப் பழகிவிட்டது.

அங்கே அதைத் தின்பதற்கு முறையும் இருக்கிறது. நீள பன்னில் வைப்பது வெளியூர் வழக்கம். ஷெபாய்கனில் மேல்தோல் முறுகலாகவும் உள்ளே பஞ்சு போலவும் இருக்கும் வட்டமான ஹார்ட் ரோல்தான். இரண்டு பிராட்டை அருகருகே வைத்தால் அது டபுள். மேலே பழுப்புக் கடுகு விழுது, பச்சை வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி. வாட்டும்போது இடுக்கியால் மட்டுமே புரட்ட வேண்டும். முள்கரண்டியால் குத்தினால் தோல் கிழிந்து கொழுப்பு நெருப்பில் கொட்டும், தீ எழும்பும், உள்ளே இருந்த சாறு போய்விடும். நகரத்தின் நூற்றாண்டையொட்டி 1953-இல் தொடங்கிய பிராட்வர்ஸ்ட் நாள் அங்கே ஊர்த் திருவிழா. பக்கத்திலுள்ள ஜான்சன்வில் என்ற குக்கிராமத்தில் 1945-இல் ரால்ஃப், ஆலிஸ் ஸ்டேயர் தம்பதி திறந்த இறைச்சிக் கடை பிறகு அந்த ஊர்ப் பெயரிலேயே நிறுவனமாக வளர்ந்து, பிராட்டை நாடு முழுவதும் கொண்டுபோனது.

இனி வண்டி. விஸ்கான்சினின் எல்லையையொட்டி மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுன்டன் என்ற ஊர் இருக்கிறது. கார்களுக்கு வேண்டிய மரப்பாகங்களைச் செய்ய ஹென்றி ஃபோர்டு 1920-களில் அங்கே ஆலை வைத்தார். கழிவு மரம் மலைபோல் குவிந்தது. அதை வீணாக்க மனமில்லாமல் கரியாக்கி, மாவுப்பசை கலந்து கட்டிகளாக அழுத்தினார்கள். அந்தக் கரிக்கட்டிகளை ஃபோர்டு கார் விற்பனையாளர்களே சிறு அடுப்போடு சேர்த்து உல்லாசப் பயணத்துக்கு என்று விற்றார்கள். 1951-இல் கை மாறியபின் அதற்கு கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயர் வந்தது. அமெரிக்காவில் கரி என்றாலே இன்றும் பலருக்கு அந்தப் பெயர்தான். இதில் என்னை வியக்கவைப்பது வேறொன்று. ஃபோர்டின் மரப்பலகை ஸ்டேஷன் வேகன்களுக்கான பாகங்களும் அதே அயர்ன் மவுன்டனில்தான் செய்யப்பட்டன. மேசையாக இறங்கும் பின்கதவும், அதன் பக்கத்தில் எரியும் கரியும் ஒரே ஆலையின் மரத்திலிருந்து வந்திருக்கின்றன. காற்றையும் மழையையும் தடுக்க மூடியும் 1952-இல் கிடைத்தது: சிகாகோ பக்கம் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், அங்கே செய்த மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டி வெபர் அடுப்பை உருவாக்கினார்.

அடுத்த ஆண்டே மில்வாக்கியில் கவுன்டி ஸ்டேடியம் திறந்தது. பாஸ்டனிலிருந்து பிரேவ்ஸ் பேஸ்பால் அணி வந்து சேர்ந்தது. 1957-இல் கிரீன் பே நகரில் அமெரிக்கக் கால்பந்துக்கான புது மைதானம் எழுந்தது. 1965 முதல் அதன் பெயர் லாம்போ ஃபீல்டு. அந்த ஊரின் பேக்கர்ஸ் அணி 1919-இல் விளையாடத் தொடங்கியபோது உட்கார இருக்கைகூட இல்லை. அன்றைக்கே திடலோரம் காரை நிறுத்திப் பார்த்தவர்களின் ஊர் அது. ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும் மக்கள்தொகை, 80,000-க்கு மேல் இருக்கைகள், 5 லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள். அணிக்கு முதலாளி என்று ஒரு தனிப் பணக்காரர் கிடையாது; 1923 முதல் ஊரே சொந்தக்காரர். ஆட்ட நாளில் அக்கம்பக்க வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியையே வண்டி நிறுத்த வாடகைக்கு விடுவார்கள். அங்கும் அடுப்பு மூட்டலாம்.

நவம்பர் தாண்டினால் அந்தக் குளிரைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. 1967 டிசம்பர் 31 அன்று டல்லஸ் அணியோடு நடந்த ஆட்டம் ஐஸ் பவுல் என்றே பேர் வாங்கியது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி. கையுறையோடு நின்றுகொண்டு பச்சை பிராட்டை மெதுவாக வேகவைப்பது பெரிய சோதனை. பீர் முறை அங்கேதான் கைகொடுக்கிறது. பீரும் வெண்ணெயும் வெங்காயமும் போட்ட பாத்திரத்தில் முதலிலேயே வேகவைத்துக்கொண்டு வந்தால், மைதான வாசலில் தோலைச் சிவக்க வாட்டினால் போதும். வாட்டியதை மறுபடி அந்தச் சூடான பீரில் போட்டுவைத்தால் ஆறாமலும் இருக்கும். ஷெபாய்கனின் பழைய ஆட்கள் இதை ஏற்க மாட்டார்கள்: பச்சையாக நெருப்பில் வைத்தால்தான் இறைச்சியின் சுவை நிற்கும் என்பார்கள். சுவையை மட்டும் கேட்டால் நானும் அவர்கள் பக்கம். ஆனால் நாற்பது பேர் பசியோடு சுற்றி நிற்க, விரல் மரத்துப்போகும் குளிரில், உள்ளே வேகாத பன்றியிறைச்சியைக் கொடுத்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறவருக்கு அந்தப் பீர்ப் பாத்திரம் பெரிய துணை. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் எல்லோரும் உள்ளே கிளம்புவார்கள். கனலும் கரியைக் கொட்டத் தனித் தொட்டிகளே அங்கு வைத்திருக்கிறார்கள். கரி அணைந்ததா என்று பாராமல் வண்டிக்கடியில் தள்ளிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மில்வாக்கியில் இப்போதைய பேஸ்பால் அணியான புரூவர்ஸின் ஆட்டங்களில், ஆறாவது சுற்றுக்கு நடுவே ஐந்து சாசேஜ் வேடங்கள் திடலைச் சுற்றி ஓடிப் பந்தயம் விடுகின்றன. முதல் எண் பிராட்வர்ஸ்டுக்கு. அடுத்து போலிஷ், இத்தாலியன், ஹாட் டாக். மெக்சிகோவின் சோரிஸோ 2006-இல் ஒரு நாள் எட்டிப்பார்த்து, 2007 முதல் நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டது. அந்த மாநிலத்துக்கு வந்து குடியேறியவர்களின் வரிசையும் ஏறக்குறைய அதுதான்.

அந்த வரிசையில் இன்னும் சேராத ஒரு சாசேஜும் அங்கே இருக்கிறது. வியட்நாம் போர் முடிந்த 1975-க்குப் பிறகு லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்த மாங் மக்கள் ஷெபாய்கன், கிரீன் பே, வாசா நகரங்களில் பெருமளவில் குடியேறினார்கள். அவர்களுடைய சாசேஜும் பன்றியிறைச்சிதான்: பருமனாக அரைத்து, எலுமிச்சைப் புல், இஞ்சி, மிளகாய் சேர்த்து, அதே குடலில் அடைத்து, அதே மாதிரி கரியில் வாட்டுவது. கடுகு விழுதுக்குப் பதிலாக இடித்த பச்சைமிளகாய்ச் சாறும், பன்னுக்குப் பதிலாக ஒட்டரிசிச் சோறும். விஸ்கான்சினின் உழவர் சந்தைகளில் சனிக்கிழமைகளில் அதற்கு வரிசை நிற்கிறது. ஞாயிறன்று வண்டியின் பின்கதவுக்கு அது வர அதிக தூரமில்லை.