அம்ருத் மால்ட் விஸ்கி

அம்ருத் என்பது பெங்களூரில் வடிக்கப்படும் ஒற்றை மால்ட் விஸ்கி ஆகும். 1948இல் தொடங்கப்பட்ட அம்ருத் டிஸ்டில்லரீஸ் நிறுவனம் இதனை 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் முதன்முதலாக விற்பனைக்கு வெளியிட்டது. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவற்றில் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம் கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அவற்றை விஸ்கியாக ஏற்பதில்லை. அம்ருத் மால்ட்டோ முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டுமே வடிக்கப்படுவது.

பீப்பாயில் முதிர்தல்

வடித்தவுடன் விஸ்கிக்கு நிறம் இல்லை. உட்புறம் தீயால் கருக்கப்பட்ட கருவாலி (ஓக்) மரப் பீப்பாயில் அடைத்து வைக்கும்போது, அது வெப்பத்தில் விரிந்து மரத்தினுள் ஊடுருவுகிறது. குளிரில் சுருங்கி வெளியேறுகிறது. மரத்திலுள்ள வனிலின் மணமும் துவர்ப்பும் பொன்னிறமும் இவ்வாறே அதில் சேருகின்றன.

அயர்லாந்து விஸ்கியில் மால்ட், தானிய விஸ்கி, கலப்பு விஸ்கி, முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத பார்லியையும் சேர்த்து வடிக்கும் பாட் ஸ்டில் எனப் பல வகைகள் உண்டு. எவ்வகையாயினும் குறைந்தது 3 ஆண்டுகள் மரப்பீப்பாயில் இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிறது. பெங்களூரில் இது 10 முதல் 12 விழுக்காடு. இவ்விழப்பை மேலைநாட்டார் 'தேவதைகளின் பங்கு' என்பர்.

வெப்பம் முதிர்வை விரைவுபடுத்துவதால் அம்ருத்துக்கு 4 அல்லது 5 ஆண்டுகளே போதுமானவை. மேலும் நீடித்தால் மரச்சுவை மிகுந்துவிடும், பீப்பாயும் வற்றிவிடும். எனவே 12, 18 என அயல்நாட்டுப் புட்டிகளில் காணப்படும் வயதைக் கொண்டு இதன் தரத்தை அளப்பது பொருந்தாது. 2013இல் வெளியான 8 ஆண்டு விஸ்கிக்கு, பீப்பாயில் இட்டதில் பெரும்பகுதி ஆவியாகிவிட்டதால், 'பேராசைத் தேவதைகள்' எனப் பொருள்படும் கிரீடி ஏஞ்சல்ஸ் என்றே பெயரிடப்பட்டது.