'இலக்கியப் படைப்பு' என்னும் சட்டத்தொடரும் கணிப்பொறி நிரலும்

1. முன்னுரை

சட்டத்தில் ஒரு சொல்லின் பொருள் விரியும்போது அதனைச் சார்ந்த உரிமைகளும் விரிகின்றன. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 'இலக்கியப் படைப்பு' என்னும் தொடர் அட்டவணைகளையும் தொகுப்புகளையும் உள்ளடக்கியது. 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் கணிப்பொறி நிரலையும் அதில் சேர்த்தது. இப்பொருள் விரிவின் வரலாற்றையும், அதனால் நிரலை எழுதியவர் பெற்ற பயனையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பொருள் விரிவின் தோற்றம்

தொடக்கத்தில் மென்பொருள் பெரும்பாலும் கணிப்பொறியுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. 1969-இல் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கும் முறையை அறிவித்தது. தனி விலை வந்தபின் படியெடுத்தலைத் தடுக்கும் சட்டம் தேவைப்பட்டது. இது குறித்து ஆராய அமெரிக்காவில் அமைக்கப்பட்ட தேசிய ஆணையம், நிரலைப் பதிப்புரிமையால் காக்கலாம் என 1978-இல் பரிந்துரைத்தது. ஆணையத்தின் உறுப்பினரான நாவலாசிரியர் ஜான் ஹெர்சி இதனை ஏற்கவில்லை. முழுமை பெற்ற நிரல் எந்திரத்தை இயக்கும் கருவியே. மனிதர் படிப்பதற்கான எழுத்தன்று என்பது அவர் வாதத்தின் சாரம். எனினும் 1980-இல் அப்பரிந்துரை சட்டமாயிற்று. 1994-இல் கையெழுத்தான டிரிப்ஸ் உடன்பாட்டின் 10-ஆம் உறுப்பு, நிரலை இலக்கியப் படைப்பாகவே காக்க வேண்டும் என விதித்தது.

3. இந்திய நிலை

1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நிரலுக்கு வரையறை தந்தது. முறைகேடான படியை அறிந்தே கணிப்பொறியில் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. பின்னர் நீதிமன்றங்கள் வேறு சொற்களையும் ஆராய நேர்ந்தது. சந்தையில் ஆயத்தமாக விற்கப்படும் மென்பொருள் விற்பனை வரி நோக்கில் 'பண்டம்' என உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துவதற்கு வெளிநாட்டு நிறுவனத்துக்குச் செலுத்தும் தொகை, பதிப்புரிமை கைமாறாமையால், வருமான வரி நோக்கில் 'ராயல்டி' ஆகாது என 2021-இல் கூறியது. தமிழில் இவ்வேறுபாட்டை 'உரிமை', 'உரிமம்' என்னும் இரு சொற்களால் தெளிவாகக் காட்டலாம். பயனர் பெறுவது உரிமம். உரிமை நிறுவனத்திடமே தங்குகிறது.

4. படைப்பாளியும் ஊதியமும்

அந்நிறுவனத்தின் உரிமை, நிரலை எழுதியவரின் உரிமையன்று. சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பணியாளர் தம் பணியின் பகுதியாக எழுதியதற்கு, மாறான உடன்பாடு இல்லையெனில், பணியமர்த்தியவரே முதல் உரிமையாளர். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் திரைப்பாடலாசிரியருக்கு ஒரு காப்பு அளித்தது: திரையரங்கில் காட்டுவது தவிர்த்த பிற பயன்பாடுகளில் கிடைக்கும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை அவர் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க இயலாது. நிரலாளரும் சட்டப்படி இலக்கிய ஆசிரியரே. ஆயினும் அவருக்கு இக்காப்பு இல்லை.

மொழிபெயர்ப்பாளரும் கருத வேண்டிய செய்தி இது. மூல ஆசிரியரின் இசைவுடன், தனியார் பதிப்பகத்தின் ஊழியராக அன்றித் தனித்து மொழிபெயர்ப்பவர், தம் மொழிபெயர்ப்பின் முதல் உரிமையாளர் ஆவார். அவ்வுரிமையைக் கையொப்பமிட்ட எழுத்தின் மூலமே மாற்றித் தர இயலும். காலம் குறிப்பிடப்படாவிடில் அம்மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும் என்கிறது 19-ஆம் பிரிவு.

5. முடிவுரை

நிரலை 'இலக்கியம்' என அழைத்ததால் படியெடுத்தலுக்குத் தடை கிடைத்தது; எழுதியவருக்கு நியாயமான ஊதியம் தானாக வந்துவிடவில்லை. பாடலாசிரியருக்கும் அது தனிச் சட்டவிதியால்தான் கிட்டியது. நிரலாளரும் மொழிபெயர்ப்பாளரும் பெறும் பங்கை, இன்றைய நிலையில், பெரிதும் அவர்களுடைய ஒப்பந்தத்தின் சொற்களே முடிவு செய்கின்றன.